புழுதி விதைப்பு

பசுவந்தனை
11.8.2024

ஆனந்திக்கு மதினி எழுதுவது.

இங்கே இருவரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? ஜெயப்பிரியாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்று ராத்திரியெல்லாம் கண்முழிக்க விடாதே.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மதுரை ஆஸ்பத்திரியில் உன் அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கும் முஹ்சினா மேடம் இட்ட வேலை இது.

பங்குனியில் மூளையின் முன்பக்கத்தில் ரத்தக்குழாய் வெடித்ததும் ஆபரேஷன் நடந்ததும் உனக்குத் தெரியும். சித்திரையில் நீ பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. நன்றாக நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், மனக்கணக்கில் என்னைத் தோற்கடிக்கிறார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் மட்டும், “கோவில்பட்டி கல்யாண வீட்டுல பந்தில உக்காந்தேன், வடை ஊசிப்போச்சு” என்கிறார். அவர் குடித்தது நான் ஊற்றிய கம்பங்கூழ். “இப்படிப் பொய் சொல்லுதாரே டாக்டர்” என்று அழுதேன். பொய்யில்லை என்றார் டாக்டர். நினைவுகள் உள்ளே கிடக்கின்றனவாம், எது எப்போது நடந்தது என்று அடுக்கி வைக்கிற இடம்தான் கெட்டுவிட்டதாம். நடுவில் காலியிடம் வந்தால் மூளை பழைய துண்டு ஒன்றை எடுத்து அதில் ஒட்டிவிடும், ஒட்டியது அவருக்கே தெரியாது என்றார்.

மேடம் சொன்ன பயிற்சி இதுதான். நீ மாதம் இரண்டு கடிதம் அவருக்கு எழுத வேண்டும். அவர் யார் துணையும் இல்லாமல் பதில் எழுதி, தானே ஒட்டி, தபால்பெட்டியில் போட வேண்டும். அதை நான் படிக்கக் கூடாது. தப்பாக எழுதினாலும் நீ திருத்தக் கூடாது, சேர்த்து மட்டும் வைத்துக்கொள். மேடம் பிறகு வாங்கிப் பார்ப்பார்கள்.

நான் புதியம்புத்தூருக்குத் தைக்கப் போக ஆரம்பித்துவிட்டேன். காலையில் வேன் ஏறினால் பொழுது அடையத்தான் வீடு. பக்கத்து வீட்டுப் பத்திரகாளி அக்கா அவர்மேல் ஒரு கண் வைத்திருக்கிறாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ராதாமணி


சென்னை
20.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆனந்தி வணக்கம். தலைப்புண் முழுதும் ஆறிவிட்டதா? மாத்திரையைத் தட்டில் ஒளித்து வைப்பதாகக் கேள்விப்பட்டேன், மதினியைப் படுத்தாதே.

இங்கே போன வெள்ளிக்கிழமை மழை பெய்து தெருவெல்லாம் தண்ணீர். ஜெயப்பிரியா பள்ளியில் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். நீ போன வாரம் என்னவெல்லாம் செய்தாய், யாரைப் பார்த்தாய் என்று விவரமாக எழுது. ஒரு பக்கமாவது வர வேண்டும்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை ஆனந்தி


பசுவந்தனை
30.8.2024

ஆனந்திக்கு அண்ணன் முத்துகிருஷ்ணன் எழுதிக்கொண்டது.

எனக்கு ஒரு நோயும் இல்லை. நீதான் போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது இளைத்துத் தெரிந்தாய். நேரத்துக்குச் சாப்பிடு. அன்றைக்கு நீ வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்பு தூக்கல், உன் மதினி எதிரில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று கோவில்பட்டிக்குப் போய் லிங்கராஜிடம் கலப்பைக் கொழு அடிக்கக் கொடுத்தேன். விதை உளுந்து ஒரு மூட்டை வாங்கிப் போட்டாயிற்று. உன் மதினி புதியம்புத்தூருக்குத் தைக்கப் போகிறேன் என்று தினமும் ஒரு கதை சொல்லிவிட்டு எங்கோ போகிறாள். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. பாவம், புத்தி கொஞ்சம் பிசகியிருக்கிறது. நான் கண்டுகொள்வதில்லை.

எல்லோருக்கும் என் ஆசிகள்.

முத்துகிருஷ்ணன்


சென்னை
9.9.2024

மதினிக்கு,

நலம்தானே? மெஷினில் உட்கார்ந்து இடுப்பு வலி என்றீர்களே, குறைந்ததா?

அண்ணன் கடிதம் வந்தது. போன ஞாயிறு நான் வந்து குழம்பு வைத்தேனாம். லிங்கராஜ் மாமா பட்டறையை மூடி எத்தனை வருஷம்! விதை வாங்கியது மட்டும் நிஜம் என்று நினைக்கிறேன். படித்துச் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது.

ஒரு விஷயம் பேச வேண்டும். சோலார் கம்பெனிக்காரர்கள் நம் வடக்குப் புஞ்சை ஆறு ஏக்கரையும் இருபத்தொன்பது வருஷக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். பட்டா அண்ணன் பேரிலும் என் பேரிலும் கூட்டாக இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் இனி விதைக்கப் போவதில்லை மதினி. வெயிலில் அலைந்து மறுபடி ஒருமுறை விழுந்தால் பிழைக்க மாட்டார். யோசித்துச் சொல்லுங்கள்.

ஆனந்தி


பசுவந்தனை
15.9.2024

ஆனந்திக்கு,

சுகம். வலி இருக்கத்தான் செய்கிறது, அது கிடக்கட்டும்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை, எப்படியும் அந்த நிலம் உன் மகளுக்குத்தான். ஆனால் இருபத்தொன்பது வருஷம் என்றால் உன் அண்ணன் ஆயுசுக்கும் அதில் கால் வைக்க முடியாது. விடிந்ததும் ‘புஞ்சைக்குப் போய்ட்டு வாரேன்’ என்று துண்டை உதறித் தோளில் போடுகிறாரே, அந்த மனுஷனை நான் எங்கே அனுப்புவேன்?

புரட்டாசி விதைப்பு வரை பொறு. சங்கரபாண்டியின் டிராக்டரைச் சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்று விதைப்பைச் சரியாக நடத்திவிட்டார் என்றால் நிலம் அவரிடமே இருக்கட்டும். முடியவில்லையென்றால் நீ சொல்கிற இடத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறேன். இது என் வாக்கு.

பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ராதாமணி


பசுவந்தனை
25.9.2024

தங்கை ஆனந்திக்கு,

உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறாயா? நான் இரும்பு மாதிரி இருக்கிறேன்.

விதைப்பு முடிந்தது. புழுதி விதைப்பு என்றால் உனக்கு மறந்திருக்கும், நீதான் மெட்ராஸ்காரி ஆகிவிட்டாயே. மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டு மூடிவிட வேண்டும். மழை விழுந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியுமா, டிராக்டர் புதைந்துவிடாதா? விதை உள்ளே காத்துக் கிடக்கும். அதுவரை மேலே பார்த்து விதைத்ததா விதைக்காததா என்று ஒருவனும் சொல்ல முடியாது.

தெருவில் ஓட்டப்பிடாரம் பக்கத்து டிராக்டர் ஒன்று போனது. டிரைவர் ஊருக்குப் புதுசு. “ஏலே, வாரியா, ஒரு மூட்டை உளுந்துதான்” என்றேன். மூட்டையை ஏற்றிக்கொண்டு புஞ்சைக்குப் போனோம். கிழக்கு வரப்பில் மூன்று பனை நிற்கிறதே, அங்கே நின்று கை காட்டினேன். வடக்கு ஓரத்தில் எவனோ புதிதாகக் கரண்டுக் கம்பம் ஊன்றி வைத்திருக்கிறான், சனியன். டிரைவர் அதைச் சுற்றி வளைத்து ஓட்ட வேண்டியதாகிவிட்டது. அப்பா பனையடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். “வரப்ப ஒட்டி நெருக்கிப் போடாதலே” என்று வழக்கம்போலச் சத்தம். நீ கூழ் கொண்டு வரவில்லை என்று உன்மேலும் கோபம்தான், நான் சமாதானம் சொல்லிவிட்டேன்.

மழை வந்ததும் எழுதுகிறேன்.

முத்துகிருஷ்ணன்


பசுவந்தனை
3.10.2024

ஆனந்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. நீங்களாவது நன்றாக இருங்கள்.

வீட்டில் விதை மூட்டையைக் காணோம். கேட்டால் ஒரு நாள் “விதைச்சாச்சு” என்கிறார். மறுநாள் என் அண்ணனைச் சொல்லி, “உங்க அண்ணன் வந்து தூக்கிட்டுப் போனாவ” என்கிறார். அடுத்த நாள் “எந்த மூட்டை?” என்று என்னையே கேட்கிறார். பத்திரகாளி அக்கா அந்த வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். சங்கரபாண்டியைக் கேட்டேன். “நான் இன்னும் உங்க புஞ்சைப் பக்கமே வரல மதினி. அண்ணாச்சி சொல்லுதது கதை” என்றான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வடக்குப் புஞ்சைக்குப் போய்ப் பத்து இடத்தில் விரலால் கிளறிப் பார்த்தேன். ஒரு உளுந்து இல்லை. யாருக்குத் தூக்கிக் கொடுத்தாரோ.

வேறு விதை வாங்கி விதைக்கலாம். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். விதைப்பைப் பற்றி உனக்கு ஏதாவது எழுதினாரா? நான் படிக்கக் கூடாது, நீ படித்திருப்பாய். நான் வாழ வந்தவள், நீ இந்த ஊரில் பிறந்தவள். அவர் எழுதியதில் ஒரு துளி நிஜம் இருப்பதாக உனக்குப் பட்டாலும் சொல், காத்திருக்கிறேன். இல்லையென்றால் பத்திரத்தை அனுப்பு.

ராதாமணி


சென்னை
20.10.2024

மதினிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஜெயப்பிரியாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல், பிறகு எனக்கு. இப்போது பரவாயில்லை. உங்கள் இடுப்பு வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் விதைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் அப்பா வந்து உட்கார்ந்து சத்தம் போடுகிறார். அப்பா போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஒப்பந்தப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட மூன்று இடங்களில் அண்ணன் கையெழுத்து வேண்டும். பதிவு நவம்பர் பதினெட்டாம் தேதி, ஓட்டப்பிடாரத்தில். நானும் வந்துவிடுவேன்.

ஆனந்தி


பசுவந்தனை
27.10.2024

ஆனந்திக்கு,

தைலம் வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளைக்கு நல்ல சாப்பாடாகக் கொடு.

கையெழுத்து வாங்கிவிட்டேன், அனுப்பியிருக்கிறேன். உன் அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுப் பத்திரத்தையும் படித்தார். “இதுல வடக்குப் புஞ்சைன்னுதான போட்டிருக்கு? நான் விதைச்ச புஞ்சை இல்லயே?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்பச் சரி” என்று மூன்று இடத்திலும் அழகாகப் போட்டார். வடக்குப் புஞ்சையை விட்டால் நமக்கு வேறு ஏது புஞ்சை? இதுவும் ஒரு கதை என்று விட்டுவிட்டேன். ஆனால் பேனாவை மூடி என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு குழந்தையிடம் எழுதி வாங்கியது போல் இருக்கிறது.

இதை ஒட்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கனத்த மழை.

ராதாமணி


பசுவந்தனை
8.11.2024

ஆனந்திக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் இருக்கிறோம்.

நேற்று குலாம் ரசூல் பாய் வந்திருந்தார். கோவில்பட்டியில் இரும்புக் கடை வைத்திருக்கிறாரே, ஊருக்குக் கிழக்கே ஓட்டப்பிடாரம் ரோட்டில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறாரே, அவர்தான். “தங்கச்சி, என் நெலத்துல உளுந்து மொளைச்சுக் கெடக்கு. கோடை உழவு போட்டதோட சரி, நான் விதைக்கல. ஊர்ல கேட்டா யாரும் விதைக்கலங்காங்க. வானத்துல இருந்தா விழுந்துச்சு?” என்றார். அவருடனேயே போனேன். உன் அண்ணன் பின்னாலேயே வந்தார்.

நாலு ஏக்கரும் பச்சை. கிழக்கு வரப்பில் மூன்று பனை. வடக்கு ஓரத்துக் கம்பத்தைச் சுற்றி மட்டும் உழுத சால் வளைந்து போகிறது. உன் அண்ணன் பனையடியில் போய் நின்று, “எப்படி பாய் நம்ம உளுந்து?” என்று கேட்டார். பாய் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. “சால் நேரா விட்டிருக்கீங்க அண்ணாச்சி. அறுப்பும் நீங்களே பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுல வடைக்கு ஒரு படி மட்டும் கொடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனுஷனுக்கு நான் எந்த ஜென்மத்தில் என்ன செய்தேனோ.

அந்த நிலம் நான் வருவதற்கு முன்னால் நம்முடையதாக இருந்ததாம், உன் கல்யாணத்துக்கு விற்றதாம். ராத்திரி பாய் போனில் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரியும். விதைத்தது நிஜம், மூட்டை நிஜம், டிராக்டர் நிஜம். இடம்தான் பத்தொன்பது வருஷம் பின்னால் போய்விட்டது.

“இந்தப் பனையையும் கம்பத்தையும்தான் ஆனந்திக்கு எழுதினேன்” என்கிறார் உன் அண்ணன். அவர் பேச்சை நம்பக் கூடாதல்லவா? அதனால் உன்னையே கேட்கிறேன். எழுதியிருந்தாரா?

ராதாமணி


பசுவந்தனை
10.11.2024

அன்புத் தங்கை ஆனந்திக்கு அண்ணன் முத்துகிருஷ்ணன் எழுதியது.

நீயும் ஜெயப்பிரியாவும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

உளுந்து நன்றாக முளைத்திருக்கிறது. எல்லாம் உன்னால்தான். நான் விதைத்தேன் என்று சொன்னபோது உன் மதினி நம்பவில்லை, சங்கரபாண்டி சிரித்தான், ஊரே சிரித்தது. நீ மட்டும்தான், ‘மதினி, பனை நிற்கிற புஞ்சையில் போய்ப் பாருங்கள், அண்ணன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்’ என்று கடிதம் போட்டாய். நீல மையில் எழுதியிருந்தாய். உன் மதினி அதை என்னிடம் சத்தமாகப் படித்துக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்தவள் என்றால் சும்மாவா! ரசூல் பாயிடமும் பத்திரகாளி அக்காவிடமும் சொல்லிவிட்டேன். முஹ்சினா மேடத்திடமும் காட்ட வேண்டும். கடிதத்தை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை, தேடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

முத்துகிருஷ்ணன்

ஆனந்தி, இந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. அவர் ஒட்டும் முன்பு சின்னத் தாளில் நானும் நாலு வரி எழுதி வைக்கிறேன். மூன்று நாளாக வீட்டைக் கவிழ்த்துப் போட்டு நீ எழுதிய ஏதோ ஒரு கடிதத்தைத் தேடுகிறார். பீரோவில், அரிசிப் பானையில், என் தையல் பையில். என்ன கடிதம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார், நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படி ஒன்று வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. – ராதாமணி


சென்னை
15.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆனந்தி வணக்கம். நாங்கள் நலம். நீ அரிசிப் பானையிலெல்லாம் கையை விட்டுத் தேடுவதாக மதினி எழுதியிருந்தார்கள். தேடாதே. அந்தக் கடிதம் அங்கே இல்லை. நான் அதை எழுதவில்லை.

உன் கடிதம் புரட்டாசியிலேயே எனக்கு வந்துவிட்டது. மூன்று பனை என்று படித்ததுமே அது எந்தப் புஞ்சை என்று தெரிந்துகொண்டேன். அந்த வரப்பில்தான் நான் வளர்ந்தேன், அதை விற்றுத்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. முதலில் நீ பழைய நாளை நினைத்து எழுதுகிறாய் என்றுதான் இருந்தேன். ஆனால் கம்பத்தைப் பற்றி எழுதியிருந்தாயே. போன பொங்கலுக்கு வந்தபோது அந்தக் கம்பம் அங்கே இல்லை. சித்திரையில் உன்னைப் பார்க்க வந்தபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன், குழி ஈரம் காயாமல் நின்றது. பழைய ஞாபகத்தில் அந்தக் கம்பம் எப்படி வரும்? நீ அங்கே போயிருக்கிறாய், விதைத்திருக்கிறாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

மதினி என்னிடம் கேட்டார்கள். ஒரு துளி நிஜம் இருந்தாலும் சொல் என்று எழுதினார்கள். பதினேழு நாள் பதில் போடாமல் இருந்தேன். பிறகு அப்பாவை மட்டும் எழுதி, பனையையும் கம்பத்தையும் விட்டுவிட்டேன். பொய்யாக ஒரு வார்த்தைகூட நான் எழுதவில்லை. உன் உடம்புக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இரண்டாவது காரணம். குத்தகைப் பணம் வந்தால் ஜெயப்பிரியாவின் படிப்புக்கு ஆகும் என்பதுதான் முதல் காரணம்.

பதினெட்டாம் தேதிப் பதிவுக்கு வர மாட்டேன் என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். நீ கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கிழித்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். வடக்குப் புஞ்சை உன்னுடையது. இந்த வருஷம் அது சும்மா கிடக்கப் போவது என்னால். மதினிக்குத் தனியாக எழுத எனக்கு முகமில்லை. இதை அவர்களும் படிக்கட்டும். மேடம் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். நாளைக்கு மறந்துவிட்டு, ஆனந்தி எழுதிய நல்ல கடிதம் எங்கே என்று மறுபடி தேட ஆரம்பிப்பாய். அப்போது மதினி இதை எடுத்துக் கொடுக்கட்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படி அண்ணா, ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டு.

உன் தங்கை
ஆனந்தி